ஆஃப் நாளில் மலை ஏறி வராதே

அட்டுவம்பட்டி,
கார்த்திகை மாதம், சனிக்கிழமை காலை.

அன்பு மகள் நதியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. மலையில் நாங்கள் அத்தனை பேரும் நல்லபடியாக இருக்கிறோம், உன் மகள் வள்ளிக்கு இருமல் முழுக்க விட்டுவிட்டது, பழையபடி வீட்டுக்கும் தெருவுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறாள், உன் அம்மாவுக்கு மட்டும் குளிரில் விரல் கணு வலிக்கிறது என்று நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு திரிகிறாள். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, அசதி தீர்ந்து, தெம்பாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் அப்பா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று உனக்குத் தோன்றும். போனில் நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் நீ சரிப்பா சரிப்பா என்று பாதியிலேயே முடித்துவிடுகிறாய், இல்லாவிட்டால் கார் வந்துவிட்டது என்று கிளம்பிவிடுகிறாய். கடிதம் என்றால் கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும், நடுவில் என்னை மறித்துப் பேச முடியாது. டியூட்டிக்குப் புறப்படும் முன்னால் மட்டும் இதைப் படிக்காதே, மனசு அலைபாயும்.

வில்பட்டித் தோட்டத்தில் கேரட் தேறி வருகிறது. போன வாரம் காட்டெருமை ஒன்று வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்து ஒரு பாத்தி முழுக்க மிதித்துத் துவைத்துப் போட்டுவிட்டது, நம்மிடம் வேலை செய்கிற சங்கிலி வந்து கம்பியை இழுத்துக் கட்டிக் கொடுத்தான். பூண்டுக்கு நிலத்தைக் கொத்திப் போட்டிருக்கிறோம், மழை கொஞ்சம் கைகொடுத்து நின்றால் ஊன்றிவிடலாம். ஊரில் சுற்றுலாக் கூட்டம் குறையவில்லை, உன் வீட்டுக்காரர் கண்ணனுக்கு ஹோட்டலில் ஓய்வே இல்லை, ஆனாலும் காலையில் வள்ளிக்குத் தலை பின்னிவிடுவதை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, இரண்டு பின்னலும் ஒரே உயரத்தில் வருகிறது, உன் அம்மாவுக்கே அந்தத் திறமை இல்லை. இதெல்லாம் நீ கேட்க ஆசைப்படுகிற சேதி என்பதால் முதலில் எழுதிவிட்டேன். இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன்.

உன் வேலையை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. விமானம் ஓட்டுகிறவர்களுக்குக் கம்பெனி ஒரு ஊரைக் குறித்துக் கொடுத்துவிடுகிறது, அதுதான் பேஸ். டியூட்டி தொடங்குவதும் அங்கேதான், முடிவதும் அங்கேதான். நீ எந்த ஊரில் குடியிருக்கிறாய், பிள்ளை எங்கே வளர்கிறது, இதெல்லாம் அவர்கள் கணக்கில் வராது, குறித்த நேரத்துக்குக் குறித்த ஊரில் வந்து நிற்க வேண்டியது உன் பாடு. உனக்குச் சென்னை பேஸாக இருந்தவரைக்கும் நமக்கு இது ஒரு பாரமாகத் தெரியவில்லை. பஸ் ஏறினால் விடியும்போது பெருமாள்மலையில் இருப்பாய், நான் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்து நிற்பேன், வள்ளி போர்வைக்குள்ளிருந்து எழும்போது நீ பக்கத்தில் இருப்பாய். போன வருஷம் சென்னையில் விமானங்களைக் குறைத்து, வேலையில் இளையவர்களையெல்லாம் கொல்கத்தா பேஸுக்கு மாற்றினார்களே, அன்றைக்குப் பிடித்ததுதான் இந்த ஓட்டம். அங்கிருந்து சென்னைக்கு ஒரு விமானம், சென்னையிலிருந்து மதுரைக்கு இன்னொன்று, அதுவும் உங்கள் சிப்பந்திச் சீட்டு, டிக்கெட் எடுத்தவர்கள் எல்லோரும் ஏறியபிறகு இடம் மிஞ்சினால்தான் உனக்கு. மிஞ்சாவிட்டால் பையும் கையுமாக அடுத்ததற்குக் காத்துக்கிடக்க வேண்டும். சேர்ந்தாற்போல் கிடைக்கிற சொற்ப ஆஃபில் ஒரு நாள் வருவதற்கே போகிறது, ஒரு நாள் போவதற்கே போகிறது. நடுவில் மிச்சம் இருக்கிற நாளில் நீ உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பிள்ளைக்கு நகம் வெட்டுவாய், துணி அடுக்குவாய், மழைக்கோட்டுக்குப் பித்தான் தைப்பாய், விட்ட ஒரு மாசத்தையும் அந்த ஒரு நாளுக்குள் செய்து முடித்துவிடப் பார்ப்பாய். தூக்கம் என்ற ஒன்று அதில் எங்கே இருந்தது என்று இப்போது யோசித்தால் எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசி மழையில் நீ வந்துபோன அந்தத் தடவையை நான் இங்கே எழுதத்தான் போகிறேன். நீ அதை மறந்துவிடப் பார்க்கிறாய், நான் விடமாட்டேன். மதுரைக்கு விமானத்தில் இடமில்லை என்று சென்னையிலிருந்து பஸ்ஸில் நின்றும் உட்கார்ந்தும் வந்து சேர்ந்தாய், வந்தால் வள்ளிக்கு நெருப்பாய்க் காய்ச்சல். இருந்த நாள் முழுக்க ஈரத்துணியும் கையுமாக அவள் பக்கத்திலேயே இருந்தாய், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னதை நீ காதில் வாங்கவில்லை. கிளம்ப வேண்டிய அன்றைக்குக் காலையில் பெருமாள்மலைக்கு வந்தால், ஊத்துப் பக்கம் மண் சரிந்துவிட்டது, வத்தலக்குண்டு ரோடு அடைப்பு என்று போலீஸ்காரர் வண்டிகளைத் திருப்பிக்கொண்டிருந்தார். பழனி ரோட்டில் இறங்கினோம். சவரிக்காட்டுக்குக் கிட்டே ஒரு மரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது, வனத்துறை ஆட்கள் அறுத்து ஒதுக்குகிறவரை வண்டிகள் வரிசைகட்டி நின்றன. அங்கே போனில் சிக்னலும் கிடையாது, மதுரை விமானம் போய்விட்டது என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், ரெண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வழி திறந்தபோது கிளட்சை மிதித்து மிதித்து என் முழங்கால் வீங்கியிருந்தது. நகருங்கப்பா, நான் ஓட்டுறேன் என்றாய். நீ காலேஜில் படிக்கிற காலத்திலிருந்து ஓட்டுகிற ஜீப், ஓட்டுகிற ரோடு, நானும் மறுக்காமல் இடம் மாறி உட்கார்ந்தேன்.

இரண்டு மூன்று வளைவு இறங்கியிருப்போம். உன் தலை சாய்ந்ததை நான் பார்க்கவில்லை, கண் மூடியதையும் பார்க்கவில்லை. ஸ்டியரிங் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை, அதைத்தான் பார்த்தேன். நதியா என்று நான் போட்ட சத்தத்தில் நீ முழித்து ஒடித்தாய், நானும் எட்டிப் பிடித்தேன், இடது பக்கம் தடுப்புச் சுவரில் உரசிக்கொண்டே போய்க் கண்ணாடி தெறித்து விழுந்து வண்டி நின்றது. ஒரு கண் சிமிட்டுகிற நேரம்தான். நீ அழுவாய் என்று நினைத்தேன், அழவில்லை. இன்ஜினை அணைத்தாய், ஹேண்ட் பிரேக்கை இழுத்தாய், சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாய். தூங்கிட்டேன்ப்பா என்று மட்டும் சொன்னாய். அதற்குப் பிறகு அடிவாரம்வரை நான் ஓட்ட, நீ முழித்தபடியே முன்னால் பார்த்துக்கொண்டு வந்தாய்.

பழனி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை ஓரம் நிறுத்தச் சொல்லி, உங்கள் ஆபீசுக்குப் போன் போட்டாய். கோயம்புத்தூர் போய் விமானம் பிடித்தால் எப்படியும் கொல்கத்தா போய்ச் சேர்ந்துவிடலாம், விடிந்தால் டியூட்டி, அதற்குள் கொஞ்சம் படுத்தாலும் படுக்கலாம் என்று நான் மனசுக்குள் வழி போட்டுக்கொண்டிருந்தேன். நீ போனில் ஐ ஆம் நாட் ஃபிட் டு ஃப்ளை என்றாய். எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கே அது விளங்கிவிட்டது, விமானம் ஓட்டுகிற நிலையில் நான் இல்லை என்கிறாய். அந்தப் பக்கம் இருந்தவர் ஆஃபில் இருந்துவிட்டு வருகிறவளுக்கு என்ன களைப்பு என்று கேட்டிருக்க வேண்டும், நீ குரலை உயர்த்தாமல் அதே வார்த்தையைத் திரும்பவும் சொன்னாய். கேட்காவிட்டாலும் சொல்வேன், அம்மாடி, நீ முதன்முதலில் தனியாக விமானம் ஓட்டி இறக்கினேன் என்று போன் பண்ணின அன்றைக்குக்கூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. நீ சொல்லாமல் போய் உட்கார்ந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும். பின்னால் உட்கார்ந்து வருகிறவர்கள் உன் முகத்தையா பார்க்கப் போகிறார்கள்.

அதற்குப் பிறகு உன்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள், ஆஃப் நாளில் எங்கே வேண்டுமானாலும் போய் வா, டியூட்டிக்கு வரும்போது ஓய்வெடுத்துவிட்டு வருவது உன் பொறுப்பு என்று உங்கள் மேலதிகாரி சொன்னார் என்று நீ சொன்னாய். உனக்கு அது சுருக்கென்று தைத்திருக்கிறது. எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. பிறகு தோட்டத்தில் தனியாக நின்று யோசித்துப் பார்த்தேன், அந்த மனுஷர் சொன்னதில் தப்பில்லை. தப்பு வேறு எங்கேயோ இருக்கிறது, அதைத் தேட வேண்டியது நாம்தான் என்று பட்டது. இது ஒரு பக்கம் இருக்க, அதே கம்பெனி உன்னைக் கேப்டன் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறோம், ஆனால் இரண்டு வருஷம் கொல்கத்தா பேஸை விட்டு மாற்றல் கேட்கக் கூடாது, சம்மதமா என்று கேட்டிருக்கிறது. அதற்கு முடியாது என்று சொல்லிவிட்டு, பங்குனியோடு வேலையையே விட்டுவிட்டு மலைக்கு வந்துவிடுகிறேன், இங்கே ஏதாவது ஸ்கூலில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று போன வாரம் சொன்னாய். நான் ஒன்றும் பேசாமல் போனை உன் அம்மாவிடம் கொடுத்தேன். அப்பாவுக்கு வருத்தம் என்று நினைத்திருப்பாய். வருத்தமில்லை, எனக்கு அந்த நிமிஷத்திலேயே ஒரு முடிவு வந்துவிட்டது, ஆனால் அதை நான் ஒருத்தன் மட்டும் எடுக்க முடியாது, அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் கண்ணனுக்கு லீவு. தோட்டத்துக்கு வாங்க மாப்பிள்ளை, கேரட் பிடுங்கணும் என்று கூட்டிக்கொண்டு போனேன். அவர் பிடுங்கிய லட்சணத்தில் பாதி கேரட் மண்ணுக்குள்ளேயே ஒடிந்தது. சுற்றிவளைக்காமல் கேட்டேன், நீங்களும் புள்ளையும் கொல்கத்தா போய் அவகூட இருந்தா என்னன்னு. அவர் கையிலிருந்த கேரட்டைக் கீழே வைத்துவிட்டு, மாமா, நானே கேக்கணும்னுதான் இவ்வளவு நாளா இருந்தேன், அத்தை மொகத்தப் பாத்தா வாய் வரல என்றார். பிறந்ததிலிருந்து வள்ளியைத் தூக்கி வளர்த்தது அத்தை, அவர்களிடமிருந்து பிள்ளையைப் பிரித்துக்கொண்டு போகிறோம் என்று ஆகிவிடக் கூடாதே என்று பயந்துகொண்டிருந்திருக்கிறார். உன்னிடம் கேட்டால் நீயும் அம்மா பாவம் என்றுதான் சொன்னாயாம். பார்த்துக்கொள், நீ அம்மாவுக்காக வாயை மூடிக்கொண்டாய், அவர் அத்தைக்காக மூடிக்கொண்டார், நான் எல்லோருக்காகவும் மூடிக்கொண்டேன், இதற்கு நடுவில் நீ மலைக்கும் கொல்கத்தாவுக்கும் தூங்காமல் ஓடிக்கொண்டிருந்தாய்.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையின் அண்ணன் சுப்புராஜ் பழனியிலிருந்து பஞ்சாமிர்த டப்பாவோடு வந்தார். சேதி எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. உட்கார்ந்து காபி குடித்து முடிக்கிறவரை நல்லாத்தான் இருந்தார், அப்புறம், என்ன மாமா இது, ஊருல பொண்டாட்டிதான் புருஷன் வேல பாக்குற எடத்துக்குப் போவா, இங்க தலகீழா இருக்கே, எங்க மொகத்த எங்க கொண்டு வைக்க என்றார். கோபத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது, ஆனாலும் சம்பந்தி வீட்டு ஆள், நிதானமாகத்தான் சொன்னேன். அவ ஓட்டுற விமானத்துல ஒரு ஊர்ச் சனமே ஒக்காந்து வருது சுப்புராஜ், அவ தூங்கணும், அவ தூங்கணும்னா வீடு அவ பக்கத்துல இருக்கணும், இதுல மானம் எங்கருந்து வந்துச்சு, எனக்கு வெளங்கல என்றேன். அவர் தம்பியைப் பார்த்தார். கண்ணன் கொஞ்சமும் அசராமல், அண்ணே, நான் ஓட்டல்காரன், வாங்க ஒக்காருங்கன்னு சொல்றதுதான் என் சோலி, அதை எந்த ஊருல வேணும்னாலும் சொல்லலாம் என்றார். சுப்புராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தார், முடியவில்லை. போகும்போது என் கையைப் பிடித்து, புள்ளைக்கு அங்க குளிருமா மாமா என்று கேட்டார். இங்க இருக்குறதவிடவா என்றேன். மனுஷர் மோசமில்லை, நீ அடுத்த தடவை பேசும்போது அவரை விசாரி.

கடைசியாக உன் அம்மா. இதைத்தான் எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன். நான் சொல்லி முடிக்கும் முன்னாலேயே எழுந்து போய்விட்டாள். பிறகு அடுப்படியிலிருந்து, ஆத்தாகாரி ஆகாசத்துல, அப்பன்காரன் ஓட்டல்ல, புள்ளைய அந்த ஊருல யாரு பாப்பா, சுவரா பாக்கும் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அடுத்த சில நாள் என்னோடு பேச்சுவார்த்தை கிடையாது, சோற்றுத் தட்டு மட்டும் எனக்கு முன்னால் வந்து உட்காரும். வள்ளி நடுவில் இருந்து, அம்மாச்சி ஒங்கள சாப்பிட வரச் சொன்னாங்க, தாத்தா மோர் வேணாம்னு சொன்னாங்க என்று தூது ஓடினாள். ரெங்கம்மாள் பிடிவாதம் உனக்குத் தெரியாததா.

வியாழக்கிழமை காலை வெயில் வந்தது. வாசலில் சாக்கை விரித்து விதைப் பூண்டு பல் பிரித்துக்கொண்டிருந்தாள், நானும் போய் எதிரே உட்கார்ந்து பிரித்தேன். அப்போது சொன்னேன். அம்மாட்ட சொல்லாதீங்கப்பா என்று நீ என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாய், ஜீப் கண்ணாடியை லாரிக்காரன் தட்டிவிட்டான் என்றுதான் நானும் இதுவரை சொல்லியிருந்தேன், ஆனாலும் சொல்லிவிட்டேன், நீ கோபப்பட்டால் பட்டுக்கொள். வளைவில் நீ தூங்கியது, சுவரில் உரசியது, சாவியை என் கையில் வைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை, பல்லைப் பிரித்துக்கொண்டேதான் இருந்தாள். எல்லாம் கேட்டபிறகு, அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் எம்புட்டு ஆழம் என்றாள். தெரியல, மேகம் மூடிக் கெடந்துச்சு, அடி தெரியல என்றேன். அப்போதுதான் கை நின்றது. அப்புறம், எம் மக தூக்கத்தப் புடுங்கித்தான் நான் பேத்திய மடில வச்சிருந்திருக்கேனா என்றாள். நான் அப்படியில்லை என்று சொல்ல வந்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். முந்தானையில் ஒட்டியிருந்த பூண்டுத் தோலைத் தட்டிவிட்டு எழுந்து, புள்ளைய யாரு பாப்பான்னு கேட்டேன்ல, நான்தான் பாப்பேன், நான் போறேன், நீங்க பூண்டப் பாருங்க என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது, மதுரைக்கு அந்தப் பக்கம் போகாதவள் கொல்கத்தா போகிறாளாம். அவள் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அங்கே அரிசி எப்படி, தண்ணீர் எப்படி, கடையில் என்ன பாஷை பேசுவார்கள் என்று துருவித் துருவிக் கேட்டாள். உப்புக்கு அங்கே நூன் என்று சொல்வார்களாம், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். விமானத்தில் ஏறமாட்டாளாம், ரயிலில்தான் வருவாளாம். எம் மக கேப்டனாகி அவளே கூட்டிட்டுப் போனா ஏறுவேன், வேற ஆளு ஓட்டுனா ஏறமாட்டேன் என்கிறாள். நீயே பார், உன் பயிற்சிக்கு வீட்டிலேயே ஒரு பயணி காத்திருக்கிறாள்.

வள்ளிக்கு நேற்றுத்தான் சொன்னோம். அவள் கேட்ட முதல் கேள்வி, அங்க போனா அம்மா ஆஃப் முடிஞ்சு எங்க போவாங்க என்பது. டியூட்டிக்குப் போவாங்க, திரும்பி நம்ம வீட்டுக்கே வந்துருவாங்க, சில நாள் வேற ஊருல தங்கிட்டு வருவாங்க என்று கண்ணன் சொன்னார். நம்ம வீட்டுக்கேவா என்று கேட்டாள். ஆமாம் என்றார். கொஞ்சம் தள்ளிப் போய் விளையாடிவிட்டு வந்து திரும்பவும் நம்ம வீட்டுக்கேவா என்று கேட்டாள். இதற்கு மேல் நான் என்ன எழுத.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அப்பா தனியாக இருப்பாரே, முழங்காலை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்பாய். முழங்காலுக்குத் திங்கட்கிழமை திண்டுக்கல் டாக்டரிடம் போகிறேன், இது உனக்குத் தருகிற வாக்கு. ஜீப்பை மலை இறக்கத்தில் இனி நான் ஓட்டப்போவதில்லை, கேரட் மூட்டையை ஏற்றிப்போக வில்பட்டியிலேயே வண்டி கிடைக்கிறது. ரசமும் கஞ்சியும் வைக்க எனக்குத் தெரியும், உன் அம்மா ஒப்புக்கொள்ளமாட்டாள், நீ ஒப்புக்கொள். பூண்டு அறுத்து, தரம் பிரித்துக் கொடுத்ததும் நானும் வந்து ஒரு மாசம் உங்களோடு இருப்பேன். இந்த வீடு எங்கேயும் ஓடிவிடாது. இரண்டு வருஷம் கழித்து உனக்குச் சென்னை கிடைத்தால் வாருங்கள், கிடைக்காவிட்டால் அப்போது என்ன செய்யலாம் என்று எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம், வாயை மூடிக்கொள்கிற பழக்கம் மட்டும் இனி இந்தக் குடும்பத்தில் கிடையாது.

ஸ்கூலில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றாயே, அதைப் பற்றியும் ஒன்று. வாத்தியார் வேலை நல்ல வேலை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நீ அதற்கு ஆசைப்பட்டுப் போனால் நானே கொண்டுபோய் விடுவேன். ஆனால் உனக்கு விமானம் வேண்டாம் என்று ஆகவில்லை, ஓடி ஓடிக் கால் ஓய்ந்துவிட்டது, அவ்வளவுதான். களைத்துப்போன நாளில் எடுக்கிற முடிவைக் களைப்பு தீர்ந்தபிறகு இன்னொரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும். பழனி டீக்கடையில் அந்த ஒரு வார்த்தையை நீ இரண்டாம் தடவை சொன்னபோது உன் குரல் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது, பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். அப்படிச் சொல்லத் தெரிந்தவள்தான் கேப்டனாக இருக்க வேண்டும். வேறு யாரோ உட்காருவதைவிட அந்தச் சீட்டில் நீ உட்காருவதுதான் எனக்கு நிம்மதி.

இனி செய்ய வேண்டியது. பொங்கல் முடிந்ததும் கண்ணன் முன்னால் வந்து விமான நிலையத்துக்குப் பக்கமாக வீடு பார்ப்பார், வெயில் சமையலறைக்குள் விழுகிற வீடாகப் பார்க்க வேண்டும் என்று உன் அம்மா உத்தரவு. வள்ளியின் வகுப்பு முடிந்ததும் அவளும் உன் அம்மாவும் ரயிலேறுவார்கள். அதுவரை நீ இந்தப் பக்கம் வராதே. அடுத்த ஆஃபுக்குச் சிப்பந்திச் சீட்டு கேட்டிருந்தால் இன்றைக்கே ரத்து செய்துவிடு. ஆஃப் நாளில் அறையில் இரு, கதவைச் சாத்திக்கொண்டு படு, சூடாக எதையாவது வாங்கிச் சாப்பிடு, மதியச் சாப்பாட்டை பிஸ்கெட்டோடு முடித்துவிடாதே. பிள்ளை முகம் பார்க்க வேண்டும் போலிருந்தால் போனில் பார், அழ வேண்டும் போலிருந்தால் அழு, ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதே. கம்பெனிக்காரர்களுக்கு மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய், அதுவரை காத்திருக்காதே, வெரசா சம்மதம் என்று எழுதி அனுப்பு.

இன்னும் ஒரு சேதி பாக்கி இருக்கிறது, இதை உனக்குச் சொல்லும் பொறுப்பை மாப்பிள்ளை என்னிடம் விட்டுவிட்டார். அவருக்குக் கொல்கத்தாவில் ஒரு ஹோட்டலில் வேலை உறுதியாகிவிட்டது, வீடியோவில் பார்த்துப் பேசி எடுத்துக்கொண்டார்கள். இங்கே ஹோட்டலில் நேற்றே விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார், முதலாளி யோசித்துச் சொல்லச் சொன்னாராம், யோசித்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டாராம். ஆகவே நதியா, இனி நீ வேலையை விட முடியாது. ஒரு வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு பேர் விட முடியாது, உனக்கு முந்தி அவர் விட்டுவிட்டார்.

பூம்பாறை வேலப்பன் உன் பக்கத்தில் இருப்பான், நீ ஏறுகிற ஒவ்வொரு தடவையும் பத்திரமாக இறங்குவாய், உன்னோடு ஏறியவர்களும் இறங்குவார்கள். உன் அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, வள்ளி காகிதத்தின் ஓரத்தில் ஒரு முத்தம் வைத்திருக்கிறாள், ஈரம் காய்ந்திருக்கும். உன் அம்மா சொல்லச் சொன்னது, கம்பளிச் சட்டையைத் துவைத்து வெயிலில் போடு, நிழலில் காயப்போட்டால் வாடை வரும்.

இப்படிக்கு,
நீ கேப்டனாவதற்குக் காத்திருக்கும் உன் அப்பா,
பொன்னுச்சாமி.